இலைப் பாவாடை

4.2.2001, ஞாயிறு

எஸ்டேட்டைச் சாத்தி வருசமாகப் போகுது. தேயிலைக் கொழுந்துக்கு விலை இல்லையாம். அடுத்த மாசம் திறந்துருவாங்கன்னு இன்னைக்கும் ஒருத்தன் லயத்து வீடுகளுக்கு வந்து சொல்லிட்டுப் போறான். போடா, போ. வீட்டுக்காரர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்துட்டார். நான் டூரிஸ்ட் தங்குற ஆத்தோரக் கேம்ப்பில் சமையல். கெம்பிதான் கேம்ப்பை நடத்துற விமல் சாரிடம் சொல்லி வாங்கிக் கொடுத்தாள். ஒரே நிரையில் கொழுந்து கிள்ளினவங்க, இப்ப ஒரே குழாயடியில் பாத்திரம் கழுவுறோம்.

நேற்று கேம்ப்பில் நல்ல கூட்டம். அக்கரையில் குடிசைங்க இருக்கிற பாடியிலிருந்து கெம்பியோட ஆளுங்க, ஆதிவாசிப் பணியர் எல்லாரும், வந்து ஆடினாங்க. அவள் தம்பி வெள்ளன் துடி அடிச்சான். டென்ட்டில் தங்கியிருந்தவங்களும் செருப்பைக் கழற்றிப் போட்டுட்டுக் கூடச் சேர்ந்து ஆடினாங்க. எனக்கும் கால் துறுதுறுன்னுச்சு.

9.2.2001

விமல் சார் கோயமுத்தூர் நாடக டிரஸ் கடையிலிருந்து ஒரு மூட்டை கொண்டுவந்தார். பிளாஸ்டிக் இலையில் பாவாடை, கோழி இறகில் கிரீடம், மூஞ்சியில் பூச ஒரு டப்பா கறுப்பு. இனிமே இதைப் போட்டுத்தான் ஆடணும்னார். வெள்ளன் பாவாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முதலில் சிரிச்சான். அப்புறம் மடிச்சுக் கீழே வச்சான்.

"இது எங்க உடுப்பு இல்ல சாரே. எங்க பாட்டனும் உடுத்தினதில்ல."

எல்லாரும் ஆத்தைக் கடந்து போயிட்டாங்க. நாளைக்குச் சென்னையிலிருந்து கம்பெனிக்காரங்க வராங்க. ஒரு டென்ட்கூடக் காலி இல்லை.

10.2.2001, காலை

விமல் சார் சமையல்கட்டுக்குப் பின்னால் கூப்பிட்டுச் சொல்றார் — "ஏனுங்க வாணி, உங்க லயத்துல நாலஞ்சு பொம்பளைங்களக் கூட்டிட்டு வாங்க. வர்றவங்களுக்கு என்ன தெரியப் போகுது? நிறமெல்லாம் ஒண்ணுதானுங்க."

நல்லா வந்துச்சு வாயில. ஆனால் வாய் திறக்கலையே! முடியாதுன்னா வேற சமையல்காரி ரெடின்னு அதே மூச்சில் சொல்லிட்டார். இந்த வேலையும் போச்சுன்னா தேவி படிப்பை நிறுத்தி அவளையும் பனியன் கம்பெனிக்கு அனுப்பணும். பத்தாவதுதான் படிக்குது பிள்ளை.

கெம்பி மூஞ்சியில எப்படி முழிப்பேன்?

11.2.2001

கட்டினேன். ஆடினேன். த்தூ.

லயத்திலிருந்து கூட வந்த பொன்னாயி அக்கா இறகைக் கண்ணு வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டா. எங்களுக்குத் தெரிஞ்சது மாரியம்மன் கும்மிதான், அதையே அடிச்சோம். கம்பெனிக்காரங்கள்ல ஒரு அம்மா உங்க பாஷையில பாட்டுப் பாடுங்கன்னாங்க. பயத்துல வேற ஒண்ணும் வரலை. சிலோனில் விட்டுட்டு வந்த லயத்தை நினைச்சு எங்க அம்மா கப்பல்ல அழுதுக்கிட்டே பாடினது, அதைப் பாடிட்டேன். எனக்கும் அழுகை வந்துருச்சு. போட்டோ எடுத்தாங்க. எத்தனை வருசத்துப் பாட்டுன்னு அந்தம்மா கேட்க, மூவாயிரம்னார் விமல் சார்.

திரும்பினால் சமையல்கட்டு வாசலில் கெம்பி. கையில் அண்டா.

12.2.2001

கெம்பி வேலைக்கு வரலை.

14.2.2001

வந்தாள், வேலைக்கு இல்லை. விட்டுட்டுப் போன துணியை எடுக்க. நான் ஏதேதோ சொன்னேன், பிள்ளை, படிப்பு, வேலைன்னு. எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் நின்னாள்.

"என் சேலையைக் கேட்டிருந்தா தந்திருப்பேன் வாணி. அந்தக் குப்பையைக் கட்டிக்கிட்டு எங்க பேரைச் சொல்லிட்டியே."

அடிச்சிருந்தால்கூடத் தேவலை.

18.2.2001

வேலை போச்சு. நானேதான் போக்கடிச்சுக்கிட்டேன்.

நேற்றும் கட்டிக்கிட்டுத்தான் நின்னேன், சத்தியமா ஆடத்தான் நின்னேன். விமல் சார் மைக்கில் இவங்க காட்டை விட்டு வெளியே வந்ததே இல்லைன்னார். சரி, போகட்டும்னு இருந்தேன். அடுத்து, "டீன்னா என்னன்னே இவங்களுக்குத் தெரியாது"ன்னார். முன்னால் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேர் கையிலும் டீ! எங்கேருந்து வந்துச்சோ எனக்கு. நெருப்பு வெளிச்சத்தில் போய் நின்னு கையை நீட்டினேன்.

"இந்த விரலைப் பாருங்க. கொழுந்து கிள்ளிக் கிள்ளி ஏறின கறை. எத்தனை தேய்ச்சாலும் போகாது. நான் சிலோன்ல பொறந்தவ, தேயிலைத் தோட்டக்காரி. இந்த உடுப்பு எங்களுதும் இல்ல, அக்கரையில இருக்காங்களே, அவங்களுதும் இல்ல."

பொன்னாயி அக்கா கிரீடத்தைக் கழற்றி நெருப்பில் போட்டாள். கோழி பொசுங்கின நாத்தம்.

ரோசம் இருந்தது நேற்று. இன்னைக்குப் பயம்தான் இருக்கு.

20.2.2001

நடந்ததை லயமே பேசுது, அக்கரைப் பாடி வரைக்கும் போயிருச்சாம். தேவி மட்டும் ஒண்ணும் கேட்கலை. புத்தகத்தை அட்டைப் பெட்டியில் அடுக்கி வைக்கிறாள். ஏண்டின்னு கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

24.2.2001

அவர் திருப்பூரிலிருந்து லயத்துக் கடைக்குப் போன் பண்ணினார். ரெண்டு பேரும் கிளம்பி வாங்கன்னார். ஒரு வாரம் பொறுங்கன்னேன். எதுக்கு ஒரு வாரம்? எனக்கே தெரியலை.

1.3.2001

விடியக்காலம் கதவைத் திறந்தால் வாசலில் கெம்பி, பின்னால் வெள்ளன். உள்ளே வான்னேன், வரலை. "மொளகு பறிக்கப் போறோம். வர்றியா?" அவ்வளவுதான் கேட்டாள். வழி நெடுக அவள் முன்னால் நடந்தாள். நான் பின்னால்.

தோட்டத்தில் மலையாளி முதலாளி, சேட்டன், பாடி ஆளுங்களை ஒவ்வொருத்தராப் பார்த்துக்கிட்டே வந்து என்கிட்ட நின்னார். இது யாருன்னார். கெம்பி என் பக்கம் திரும்பவே இல்லை.

"நம்மட ஆளுதான் சேட்டா."

சொல்லிட்டு ஏணியில் கால் வச்சாள். நான் கீழே ஏணியைப் பிடிச்சுக்கிட்டேன்.

சாயங்காலம் வந்து பார்த்தேன். அட்டைப் பெட்டி காலி, புத்தகமெல்லாம் பழைய இடத்தில். தேவி விளக்கடியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கிட்டிருந்தாள்.