டி.சி. வேண்டாம்

பிப். 9, திங்கள்
காலையிலேயே சுள்ளென்று வெயில். ஆனையூர் பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை.

கையால் எழுதினால் என்னாலேயே வாசிக்க முடியாது. ஃபோனில் பேசிப் பதிகிறேன். கதவு சாத்தியாச்சு.

ஹெச்.எம். அம்மாவை வரச் சொல்லியிருந்தார். துணிக்கடையில் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். "பத்தாவதுல எல்லாரும் பாஸாகணும்மா. மலருக்கு வாசிக்கவே வரல. டி.சி. வாங்கிட்டு வெளியில இருந்து தனியா எழுதட்டும்."

எனக்கு டிஸ்லெக்ஸியா என்று டாக்டர் கொடுத்த சான்றிதழ். கேள்வியை வாசித்து, நான் சொல்வதை எழுத ஓர் ஆசிரியர், கூடுதலாக ஒரு மணி நேரம் என்று வந்த உத்தரவு. இரண்டும் அவர் மேசையிலேயே.

அம்மா டி.சி. தாளில் கையெழுத்துப் போடக் குனிந்தாள். பேனாவைப் பிடுங்கிவிட்டேன்.

பஸ்ஸில், "இப்படியாடி மானத்த வாங்குவ?"

"மறுபடியும் பிடுங்குவேன்."

பிப். 10, செவ்வாய்
மூக்கில் பரு. வலி.

சாயங்காலம் அம்மா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே, "நெசமாவே ஒனக்குப் பாடமெல்லாம் தெரியுமாடி?"

"கேளு."

புத்தகத்தைப் பிரித்தாள். கேட்டாள், சொன்னேன். மறுபடி கேட்டாள், சொன்னேன். குழம்பு அடிப்பிடித்தது.

"இம்புட்டையும் மண்டைக்குள்ள வச்சிருக்க. ஒன்னையவா தொரத்துறாங்க?"

பிப். 11, புதன்
மறுபடி ஹெச்.எம். அறை. அம்மாவும்.

"மத்த புள்ளைகளுக்கு மூணு மணி நேரம், ஒனக்கு மட்டும் நாலா? நியாயமா?"

"பதில் தெரியலைன்னா நாலு மணி நேரம் குடுத்தாலும் வெறும் பேப்பர்தான் மிஸ் குடுப்பேன்."

"வாய் மட்டும் நல்லா பேசுது."

"அதத்தான் மிஸ் ஒருத்தர எழுதச் சொல்றேன்."

அம்மா எழுந்தாள். "டி.சி. வேணாம் மேடம். மலரு இங்கதான் எழுதுவா. இல்லைன்னா திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுப்பேன்."

ஹெச்.எம். டி.சி. தாளை டிராயருக்குள் தள்ளினார். "சரி. திருப்புதல் தேர்வுல பார்ப்போம்."

வெளியே வந்ததும் அம்மா ஜிகர்தண்டா வாங்கித் தந்தாள். கண் சிவந்திருந்தது. அழுதிருக்கிறாள்.

பிப். 13, வெள்ளி
சமூக அறிவியல் திருப்புதல் தேர்வு. லேபில் நானும், எழுதுவதற்கு விளையாட்டு டீச்சர் பி.இ.டி. மிஸ்ஸும். நல்ல கையெழுத்து அவருக்கு.

மணி அடித்தது. வராண்டாவில் எல்லோரும் ஓடும் சத்தம். சூப்பர்வைசர் வந்து கை நீட்டினார். "எல்லாரும் குடுத்தாச்சு. குடு."

பேப்பர் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டேன். "என் நேரம் இன்னும் முடியல மிஸ்."

முறைத்தார். நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். போய்விட்டார்.

பி.இ.டி. மிஸ் விரல்களைச் சொடுக்கிவிட்டு அடுத்த கேள்வியை வாசித்தார். பாதியிலேயே பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

"முழுசா வாசிக்க விடுடி!"