சின்னவளின் வில்லுக்குக் கயிறு இழுத்தது

ஜனவரி 6, செவ்வாய்

பெரிய பேரன் கப்பலில் செகண்ட் இன்ஜினியர் ஆகிவிட்டான். அவன் தம்பி கண் டாக்டருக்குப் படிக்கிறான், வகுப்பில் அவன்தான் முதல். மகள் வயிற்றுப் பேத்தி நீச்சலில் வாங்கிய கோப்பைகளுக்கு அலமாரி போதவில்லை. காய்கறிக் கடையில் இத்தனையும் சொல்லி முடித்தேன். "சின்னவ என்னம்மா பண்றா? பேங்குல இருந்தாளே?" என்று கேட்டுவிட்டாள் கடைக்காரி.

"லீவுல இருக்கா."

லீவா! வேலையை விட்டுவிட்டு, கார் நிறுத்தும் அறையில் மரத்தைச் செதுக்கிக்கொண்டிருக்கிறாள். வில் செய்கிறாளாம். அவளைவிட உயரம் அது.

ஜனவரி 9

வெளியூரில் வில் செய்யும் பட்டறை ஒன்று இருக்கிறதாம். தன் கையால் செய்த வில்லைக் கொண்டுபோய்க் காட்டினால்தான் வேலைக்கு எடுப்பார்கள். மாதக் கடைசியில் வரச் சொல்லியிருக்கிறார் பட்டறைக்காரர்.

என் மகன் சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டான்: "அவர் வேணாம்னுட்டா, மறுபேச்சு பேசாம பேங்குக்குத் திரும்பிடணும்."

"சரிப்பா" என்றாள், தட்டைப் பார்த்துக்கொண்டே.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். மறைப்பானேன்? பேத்தி பேங்கில் இருக்கிறாள் என்று சொன்னால் எவ்வளவு எடுப்பாக இருக்கிறது!

ஜனவரி 15

என்னையும் வேலைக்கு இழுத்துவிட்டாள். சுவரில் பலகை அடித்து, அதில் வில்லைப் படுக்கையாக மாட்டியிருக்கிறாள். நாணில் கட்டிய கயிறு கீழே ஒரு கப்பி வழியாக என் கைக்கு வருகிறது. நான் இழுக்க வேண்டும். அவள் எதிர்ச்சுவரோடு நின்று வளைவைப் பார்ப்பாள். வளையாமல் விறைத்து நிற்கும் இடத்தில் பென்சில் கோடு. அங்கே மட்டும் துளி சீவுவாள். மறுபடி இழு.

"மெதுவா பாட்டி! எருமையையா இழுக்கற?"

"எருமைன்னா இந்நேரம் வந்திருக்கும்டி."

சிரித்தாள். எத்தனை நாளாயிற்று இவள் சிரித்து!

ஜனவரி 18

கை வலி. இன்றும் இழுத்தேன்.

ஜனவரி 22

வெளியே ஒரு லாரி உறுமிக்கொண்டே ரிவர்ஸில் வந்தது. அந்த நேரம் பார்த்து என் தலைக்கு மேலே 'டிக்'. பல்லில் மிளகு உடைகிற மாதிரி. வில்லில் என் பக்கத்துப் பாதி, கணு இருக்கும் இடம்.

அவளுக்குக் கேட்கவில்லை. "போதும், விடு" என்று பென்சிலோடு வந்தாள். கயிற்றை விட்டேன். வாயைத் திறக்கவில்லை.

ஏன்?

ஜனவரி 23

சொன்னால் வில் போச்சு, புதிதாகச் செய்ய நாள் இல்லை, அழுவாள். சொல்லாவிட்டால் — பட்டறையில் உடையும். வேண்டாம் என்பார்கள். பேங்குக்குப் போவாள். அதைத்தானே கிழவி நீ கேட்டே?

காதுக் கோளாறாக இருக்குமோ? இல்லை. கேட்டது கேட்டதுதான்.

ஜனவரி 25

சுவரில் இழுப்பது முடிந்ததாம். நாளை கையில் பிடித்து, கன்னம் வரைக்கும் இழுத்துப் பார்க்கப் போகிறாளாம். கன்னம் வரைக்கும்! உடைந்தால் சில்லு எங்கே பாயும்? கண் இருக்கிறதே அங்கே! இது ஏன் எனக்கு முதலிலேயே உறைக்கவில்லை?

ஜனவரி 26

வில்லைத் தூக்கிவிட்டாள். "இழுக்காதேடி! கீழ வை!" என்று கத்தினேன். "என்ன அத்தை?" என்று மருமகள் ஓடி வந்தாள்.

சொன்னேன். சத்தம், இடம், நாள், எல்லாம்.

சின்னவள் கணுவைச் சுற்றி விரலால் தடவினாள். வெளிச்சத்தில் திருப்பினாள். மயிரிழைக் கீறல்.

"நாலு நாளா தெரிஞ்சும் சொல்லலையா?"

"நீ பேங்குக்கே திரும்பிடுவேன்னு பார்த்தேன்."

திட்டியிருக்கலாம். போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிட வரவில்லை.

ஜனவரி 28

என்னோடு பேச்சில்லை. கீறலில் பசை விட்டு, மேலே நூலை நெருக்கிச் சுற்றியிருக்கிறாள். அதோடுதான் போகப் போகிறாள்.

ஜனவரி 31, சனி

வந்துவிட்டாள். கையில் வில் இரண்டு துண்டு.

போனதுமே கீறலைக் காட்டிவிட்டாளாம். பட்டறைக்காரர் அதைச் சுவரில் மாட்டி, உடைகிற வரைக்கும் இழுத்தாராம். "கணு உள்ள மரத்த எந்த மடையன் உனக்கு வித்தான்னு கத்தினாரு. அப்புறம், மிச்சமெல்லாம் சீரா வளைஞ்சிருக்கு, திங்கக்கிழமை வந்துடுன்னாரு."

சொன்னது அவள் அம்மாவிடம். நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். என் மகன் எழுந்து கை கழுவப் போனான்.

மார்ச் 8, ஞாயிறு

இன்று போனில் என்னைக் கேட்டாள். என்னை! பட்டறையில் அவள் செய்த முதல் வில் முடிந்ததாம். கயிறு இழுக்க அங்கே ஒரு தடியன் இருக்கிறானாம். "ஒன்ன மாதிரி நிதானமா இழுக்க மாட்டேங்கறான் பாட்டி."

"சத்தம் கேட்டா சொல்லுவானா?"

"ஒடனே சொல்லுவான்" என்றாள்.

சரிதான். எனக்கு வேண்டியதுதான்.

அந்த வில்லோடு நின்று ஒரு புதுப் படம் எடுத்துத் தபாலில் போடச் சொன்னேன். போனில் வேண்டாம், அதை நீட்டினால் எதிர்வீட்டுக்காரி விரலால் தள்ளி வேறு எதையோ பார்க்கிறாள். காகிதத்தில் வேண்டும். வில் முழுசும் தெரியணும், உன் முகமும் தெரியணும். போடுவியாடி?