மன்னார்ப் பத்து ரூபாய்

நவம்பர் 3, திங்கள்
விடிந்ததிலிருந்து தூறல். ஆட்டோவுக்கு ஓட்டம் இல்லை. பேசாலைக்கு ஒன்று, பஸ் நிலையத்துக்கு இரண்டு, அவ்வளவுதான். சில்லறையைக் கொட்டிப் பார்த்ததில் அம்பாந்தோட்டைக் காசு இன்னொன்று. இதோடு நாலாவது.

மாவட்டத்துக்கு ஒன்றாக அடித்த பத்து ரூபாய்க் குற்றிக்காசுகள் இருபத்தைந்தில் என்னிடம் இருபத்துநாலு. இல்லாதது மன்னார். மன்னாரில் இருந்துகொண்டு மன்னார் கிடைக்கவில்லை! ஆறு வருடம். விலைக்கு வாங்கக்கூடாது, சில்லறையோடு வந்ததாக இருக்க வேண்டும் என்பது நானே வைத்த சட்டம்.

மகள் ஜெனிற்றாவுக்கு எட்டாம் மாதம். கால் வீக்கம். பிறசர் வேறு. நாளைக்கு ஆஸ்பத்திரி வாட்டில் சேர்க்க வேண்டுமாம்.

நவம்பர் 4, செவ்வாய்
மகளை வாட்டில் விட்டாயிற்று. புறப்படும் முன் என் மனுசி றீற்றா ஒரு காசை அவளின் தலையைச் சுற்றி மூன்று தரம் எடுத்து, வெள்ளைத் துணியில் முடிந்து, அந்தோனியார் சுரூபத்தின் காலடியில் வைத்தாள். நேர்த்திக் காசு. தாயும் பிள்ளையும் சுகமாக வந்த பிறகு அதே காசைக் கோயிலில் போட வேண்டும். அதுவரை ஒருவரும் தொடக்கூடாது.

நான் தொட்டேன். பின்னேரம், அவள் கோயிலுக்குப் போன நேரம். என்ன காசென்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவிழ்த்தால் மன்னார்! அதை எடுத்துக்கொண்டேன். சாதாரணப் பத்து ரூபாய் ஒன்றை வைத்து முடிந்துவிட்டேன். பத்துக்குப் பத்து. அந்தோனியாருக்கு என்ன நட்டம்?

காசு அல்பம் நிறைந்துவிட்டது. நாலைந்து தரம் திறந்து பார்த்தேன்.

நவம்பர் 6, வியாழன்
மழை விட்டது. பிறசர் இறங்கவில்லை. நேர்ஸ் பிள்ளை சொன்னது: "ஐயா, பயப்பிடாதேங்கோ. கூடினால் ஒப்பரேசன் செய்வினம்." அதைக் கேட்ட பிறகுதான் பயம் கூடியது.

நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஒரு குற்றிக்காசுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் என்ன தொடர்பு? ஆனாலும் அல்பத்தைத் திறக்க மனமில்லை. வெட்கமாக இருக்கிறது.

வாங்க: சவர்க்காரம், பிள்ளைக்குத் துவாய், சுடுதண்ணிப் போத்தல், தோடம்பழம்.

நவம்பர் 7, வெள்ளி
காலை ஆறு மணிக்குக் காசை மாற்றியதைச் சொல்லிவிட்டேன். றீற்றா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தெரியும். நான் அப்பிடி முடிச்சுப் போடுறேல்லை. அண்டைக்கே கண்டனான்."

ஏன் கேட்கவில்லை என்றேன்.

"நீங்களா வைப்பீங்களெண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். மீன் சந்தையில மிச்சக் காசோட வந்தது. உங்களிட்டத் தரத்தான் கொண்டு வந்தனான். பிறகுதான் யோசிச்சன். நீங்கள் ஆசைப்படுறது இது ஒண்டுதானே. சும்மா ஒரு பத்து ரூபாயைக் குடுத்து எங்கட பிள்ளையைக் கேக்கலாமோ?"

அல்பத்திலிருந்து எடுத்து நீட்டினேன்.

"நீங்களே முடியுங்கோ."

முடிந்தேன். கண் கலங்கியதில் இரண்டு தரம் அவிழ்ந்தது.

பதினொரு மணிக்கு ஜெனிற்றாவை ஒப்பரேசனுக்குக் கொண்டுபோனார்கள். மூன்றரைக்குத்தான் சொன்னார்கள். பெட்டைப் பிள்ளை. இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. தாய் சுகம்.

நவம்பர் 16, ஞாயிறு
நல்ல வெயில். நேற்று இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். பேத்திக்கு என் மூக்கு, பாவம்.

கோயிலில் பூசை முடிந்து உண்டியலுக்கு முன்னால் நின்றோம். றீற்றா முடிச்சை என் கையில் வைத்தாள்.

"கடைசியா ஒருக்கால் அவிட்டுப் பாருங்கோவன். நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

பார்க்கவில்லை. பார்த்தால் போடமாட்டேன், என்னை எனக்குத் தெரியும். துணியோடு போட்டேன்.