மேல் வரி, கீழ் வரி

ஜூன் 3, திங்கள்

காலைச் சட்னியில் உப்பு கூடிவிட்டது. இவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல முடியாது. பிப்ரவரியில் வந்த பக்கவாதம் கால்களை விட்டுவைத்தது, புரிதலை விட்டுவைத்தது, பேச்சை எடுத்துக்கொண்டது. சர்ச் பாட்டுக்குழுவில் அடிக்குரல் பாடிய சாமுவேலிடம் இப்போது மிஞ்சியிருப்பது ஒரு 'ம்'. முதல் வருடத்துக்குள் வருவதுதான் வரும் என்கிறார் டாக்டர். நடக்கிறாரே, அதற்கு நன்றி.

மாலை, பேச்சுப் பயிற்சி தரும் ரூபினா வந்தார். "பேச்சு போனாலும் பல பேருக்குப் பாட்டு போறதில்லைங்க டீச்சர்" என்று சொல்லி, என் லேப்டாப்பில் பாட்டுப் பதிவு செய்யும் மென்பொருளைப் போட்டுக்கொடுத்தார். சின்ன வாக்கியத்தை ராகம் போட்டு நான் பாடிப் பதிய வேண்டும். அதைக் கேட்டபடி இவர் பாடுவது தனியாகப் பதியும். கையெழுத்து நோட்டு மாதிரி: மேல் வரியில் டீச்சர் எழுதிக்கொடுப்பது, கீழ் வரியில் பிள்ளை எழுதுவது. என் வரிக்குப் பக்கத்தில் M என்று ஒரு பொத்தான். அழுத்தினால் என் வரி வாயை மூடிக்கொள்ளும், அவருடையது மட்டும் கேட்கும்.

ஜூன் 5, புதன்

'தண்ணி வேணும்' — பாடிப் பதிந்து, ஓடவிட்டுக் கேட்டேன். இந்தக் குரலையா முப்பது வருடம் பிள்ளைகள் பொறுத்துக்கொண்டார்கள்? அவர்களுக்கும் நன்றி.

ஜூன் 8, சனி

பேசிட்டார்!

சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். மென்பொருள் தாளம் காட்ட நாலு தட்டுத் தட்டியது, என் வரி ஓடியது, இவர் வாய் அசைந்தது. பிறகு M போட்டுக் கேட்டால் — 'தண்ணி வேணும்.' தெளிவாக. குரல் மெலிசுதான். இத்தனை நாள் பூட்டிக் கிடந்த குரல் வேறு எப்படி இருக்கும்? இவர் தலையைத் தலையை ஆட்டினார். சந்தோஷம்.

ஜூன் 10, திங்கள்

ரூபினா அந்தப் பதிவைக் கேட்டார். மறுபடி ஓடவிட்டார்.

"டீச்சர், சாருக்கு ஹெட்போன் மாட்டினீங்களா?"

காது புழுங்குமே என்று மாட்டவில்லை.

"அப்ப இது உங்க குரலுங்க. ஸ்பீக்கர்ல வந்தது மைக்குக்குள்ள போயிருச்சு."

தாளின் மறுபக்கம் மை ஊறுவதுபோல. பார்த்து எழுதிய தாளுக்கு முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன் — அதுவும் என்னையே பார்த்து எழுதியது. அன்னிக்குத் தலையை ஆட்டினாரே, இல்லைன்னுதானே சொன்னார்? எனக்கு ஏன் உறைக்கல?

ரூபினா போன பிறகு, ஹெட்போன் மாட்டிச் சில தடவை பதிந்தோம். கீழ் வரியைக் கொஞ்சம் கேட்டு நிறுத்திவிட்டேன்: ஃபேன் சத்தம்தான்.

ஜூன் 11, செவ்வாய்

லேப்டாப்பைத் திறக்கவில்லை.

ஜூன் 19, புதன்

அந்த ஃபேன் சத்தத்தை அழிக்கத்தான் திறந்தேன். அழிக்கும் முன் ஒருமுறை, ஒலியைக் கூட்டிவைத்து முழுக்கக் கேட்டேன். என் வாக்கியம் முடிந்து ரொம்ப நேரம் கழித்து, ஆழத்தில் ஒரு முனகல். வார்த்தை இல்லை. ஆனால் ராகம் சரி, ஏற்றமும் இறக்கமும் சரி. உடனே அதன்மேல் ஒரு குரல் விழுகிறது: "சொல்லுங்க, தண்ணி... சொல்லுங்க." நான்தான். ஒவ்வொரு தடவையும், அவர் ஆரம்பிக்கிற இடத்தில், நான்.

மேல் வரிக்கு M போட்டாயிற்று. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற டீச்சருக்கு யார் போடுவது?

ஜூலை 6, சனி

இத்தனை நாளாகப் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உட்காருகிறேன். இன்று நாலு தட்டு, என் வரி, நீளமான அமைதி. பிறகு 'தண்ணி'. ஹெட்போன் அவர் காதில்தான் இருந்தது, மறுபடியும் பார்த்துக்கொண்டேன். ரூபினாவுக்கு அனுப்பினேன். "இது சாரோட குரலேதானுங்க" என்று பதில் வந்தது. ஆண்டவருக்கு நன்றி, அந்தப் பெண்ணுக்கு நன்றி. யாருக்கு முதலில் என்று கேட்காதே.

ஆகஸ்ட் 15, வியாழன்

லேப்டாப் மூடியிருந்தது. இடக்கையால் மேஜையில் நாலு தட்டு. "காப்பி குடு." கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடி நாலு தட்டு. "சக்கர... அம்மணி."

'அம்மணி' நான் பதிந்து கொடுத்ததில் இல்லை.

செப்டம்பர் 14, சனி

ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தைக்கு இவரும் வந்தார். தொண்டாமுத்தூரிலிருந்து காய் கொண்டுவரும் பாவாத்தாள் இவரிடம், "ஏனுங்க, என்ன போடட்டுங்க?" என்றாள். பதில் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. M. இவர் தொடையில் நாலு தட்டினார். பின்னால் நின்றவர் பையைக் கை மாற்றிக்கொண்டார்.

"தக்காளி... ஒரு கிலோங்க."

"நாட்டுத் தக்காளிங்களா, ஆப்பிள் தக்காளிங்களா?"

"நாடு."

அவள் நிறுத்துப் போட்டுவிட்டு அடுத்தவரைப் பார்த்தாள். அதிசயப்படாததற்காகவே அவளைக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

பையை இவரே தூக்கி வந்தார். நேற்று வாங்கிய தக்காளி ஃபிரிட்ஜ் நிறைய இருக்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை.