இத்தா நாட்களில் ஒரு டிவி கேம்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே கச்சான் காற்று. முற்றத்து மணல் முழுக்க வீட்டுக்குள். இரண்டு தரம் கூட்டியாயிற்று.

என் கணவருடைய நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்து நாலு நாள். கணவனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தா முடிய இன்னும் நெடுநாள். நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு. பள்ளிக்கூடத்துக்கு லீவு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் இப்போது யார் எடுக்கிறார்களோ.

அலுமாரியின் மேல்தட்டைத் துப்புரவாக்கினேன். கிடைத்தவை: டிவி கேம் பெட்டி ஒன்று. கேம் கெசட் பதினொன்று. கொன்ட்ரோலர் இரண்டு. அடப்டர். கரப்பான் எச்சம் வேண்டியமட்டும்.

எனக்குப் பதினொரு வயதில் வாப்பா சவூதியிலிருந்து கொண்டுவந்தது. கடைசியாக எப்போது விளையாடினோம்? ஞாபகமில்லை. ஐந்தாறு வருஷம் இருக்கும்.

டிவியில் கொழுவிப் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிகிறது. திரை வெறும் சாம்பல்.

மாமி பார்த்துக்கொண்டே இருந்தார். கணவரின் உம்மா. மகனின் மையித்தை அடக்கிய நாளிலிருந்து என்னோடுதான் இருக்கிறார்.

"இத்தாவில இருக்கிற பொம்புள கேம் விளையாடுறயா? சனம் என்ன கதைக்கும்?"

"விளையாடல்ல மாமி. வேலை செய்யுதா எண்டு பாக்கிறன்."

அஸர் தொழுகைக்குப் பிறகு நிஜாமின் போன். கணவரின் தம்பி. அண்ணனைக் காக்கா என்பான். மாமிதான் சொல்லியிருக்க வேண்டும்.

"மதினி, காக்காட டிவி கேம் கெடக்காமே. நான் எடுத்திட்டுப் போறன். இப்ப அதுகளுக்கு நல்ல கிராக்கி."

"அது காக்காட இல்ல தம்பி. என்ட."

சிரித்தான். "பொம்புளப் புள்ளட சாமானா அது? பழுதாமே, உங்களுக்கு அதில என்ன தெரியும்? வெள்ளிக்கிழமை ஜும்ஆக்குப் பொறகு வாறன்."

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் விட்டுப்போனதில் தம்பிக்கும் பங்குண்டு. அதில் எனக்கு மறுப்பில்லை. இது அவர் விட்டுப்போனதல்ல.

என்ன தெரியும் என்று கேட்டானே, அதுதான் மனதை விட்டுப் போகவில்லை. மஃரிப் தொழும்போதும் போகவில்லை.

ஜூலை 9, புதன்

வெயில். கத்தரிக்காய்க் கறி, சொதி.

ஒவ்வொன்றாகச் சோதித்தது:

அடப்டர். ஒன்பது வோல்ற் வர வேண்டும். மீற்றரில் கிட்டத்தட்ட அவ்வளவு. சரி.
டிவி வயர். டிவிடியில் மாற்றிப் போட்டேன். படம் வந்தது. சரி.
கெசட். பதினொன்றும் போட்டேன். பதினொன்றும் சாம்பல்.

எல்லாக் கெசட்டும் ஒரே நாளில் செத்திருக்காது. ஆக, தொடுமிடத்தில்தான் கோளாறு. ஒன்று கெசட்டின் செப்புக் கோடுகள். அல்லது பெட்டிக்குள் அவற்றைக் கவ்வும் பற்கள். அல்லது இரண்டும்.

கெசட்டின் வாயை டோர்ச் அடித்துப் பார்த்தேன். கோடுகளில் பச்சைக் களிம்பு. சின்ன வயதில் படம் வராவிட்டால் கெசட்டை எடுத்து ஊதுவோம். எல்லோரும் ஊதினார்கள். உண்மையில் ஊதியதெல்லாம் எச்சில் ஈரம். அதோடு இந்த ஊர்க் கடல் உப்பு. களிம்பு பிடிக்காமல் என்ன செய்யும்.

தேவை: ஸ்பிரிட், காதுப் பஞ்சு. பாமசி நடந்தால் ஐந்து நிமிஷம். நான் போக முடியாது. என்னோடு படிப்பிக்கும் காரைதீவு சாந்தி டீச்சருக்குப் போன். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நாளைக்குப் பௌர்ணமி, போயா லீவுதானே. கொண்டு வாறன்."

பின்தெருவிலிருந்து ஒரு பெண் ஆறுதல் சொல்ல வந்தார். கண் முழுக்க என் ஸ்க்ரூ டிரைவரில்.

"குர்ஆன் ஓதி துஆக் கேக்கலாமே புள்ள."

"அதுவும் செய்றன் ராத்தா."

நகை கூடாது. அத்தர் கூடாது. அலங்காரம் கூடாது. தேவையில்லாமல் படி இறங்கக் கூடாது. எல்லாம் தெரியும், எல்லாம் கடைப்பிடிக்கிறேன். அவருக்காக மனம் வைத்துத்தான் கடைப்பிடிக்கிறேன். ஸ்க்ரூ டிரைவரைப் பற்றி யாரும் எங்கும் சொன்னதாக நான் வாசிக்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

சாந்தி வந்தார். ஸ்பிரிட் ஒரு போத்தல், பஞ்சு ஒரு பெட்டி, மாமிக்குத் தோடம்பழம். அரை மணித்தியாலம் இருந்தார். என் கணவரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஒன்பதாம் வகுப்பின் அட்டகாசங்களைச் சொன்னார். மே மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தேன். சத்தமில்லாமல்.

டீச்சர் போன பின் வேலை. பஞ்சை நனைத்து, கோடுகளின் நீளவாக்கில் தேய்ப்பது. முதல் பஞ்சு கறுப்பு. இரண்டாவது பச்சை. ஏழாவது வெள்ளையாக வந்தது.

மாமி அறை வாசலில்.

"என்னகா மணக்குது? இத்தாவில மணம் பூசினயா?"

"ஊசி போடக்குள்ள கையில பூசுற ஸ்பிரிட் மாமி."

நம்பவில்லை. போத்தலை வாங்கி மோந்தார். முகத்தைச் சுளித்தார். "நாறுது." போய்விட்டார்.

கெசட்டைப் போட்டேன். இரண்டு விநாடி படம். எழுத்தெல்லாம் உடைந்து, சதுரம் சதுரமாக. பிறகு பழையபடி சாம்பல்.

இரண்டு விநாடி வந்ததே. அப்படியானால் உயிர் இருக்கிறது. பற்கள்தான். நாளைக்குப் பெட்டியைத் திறப்பது.

ஜூலை 11, வெள்ளி

சுபஹுக்குப் பிறகு தூங்கவில்லை. மேசையில் பழைய துவாய் விரித்து வேலை தொடங்கினேன்.

ஆறு ஸ்க்ரூ. ஐந்து லேசாக வந்தன. ஒன்று துரு. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, தேத்தண்ணி குடித்து வந்து திருப்பினேன். வந்தது.

உள்ளே தூசி, இரண்டு கரப்பான் முட்டை, செத்த பல்லி. பல்லியை மாமியிடம் சொல்லவில்லை.

பற்கள் அறுபது. பாதிக்கு மேல் அமுங்கிக் கிடந்தன, கெசட்டைத் தொடவே இல்லை. தையல் ஊசியால் அறுபதையும் ஒவ்வொன்றாகப் பார்த்து நிமிர்த்தினேன். பலமாக நெம்பினால் முறியும். முறிந்தால் முடிந்தது.

இருபத்தெட்டாவதில் அவர் ஞாபகம். கலியாணம் முடித்த முதல் கிழமை. "இத எப்பிடிப் புடிக்கிற?" என்று கேட்டார். காட்டிக் கொடுத்தேன். திரையில் ஆள் பாயும்போதெல்லாம் இவரும் கதிரையிலிருந்து பாய்வார். கடைசிவரை பாயாமல் விளையாடத் தெரியவில்லை. ஒரு நாளும் என்னை வென்றதில்லை. ஒரு நாளும் அதற்குக் கோபித்ததும் இல்லை.

அழுகை வந்தது. ஊசியை வைத்துவிட்டு அழுதேன். ஒரு துளி பெட்டிக்குள் விழுந்தது. ஸ்பிரிட்டால் துடைத்தேன். மிச்சம் முப்பத்திரண்டு பல்.

பதினொன்றரைக்குப் பெட்டியைத் திரும்பப் பூட்டினேன். கெசட் போட்டேன். படம். முழுசாக, நிறத்தோடு. அந்தக் கேம் பாட்டு.

இரண்டு மணிக்கு நிஜாம். கையில் ஒரு பை. நான் அறைக்குள், கதவுச்சீலைக்குப் பின்னால்; இத்தாவில் பிற ஆண் முன் வரலாகாது. டிவியை நிற்பாட்டவில்லை. வேண்டுமென்றேதான்.

"இது வேலை செய்யுதே. ஆர் செஞ்ச?"

"நான்."

பிறகு பாட்டு சட்டென்று நின்றது. வயரைக் கழற்றுகிறான்.

"தம்பி, மோட்டார்சைக்கிள், மணிக்கூடு, போன், எல்லாம் எழுதி வச்சிருக்கன். ஒண்டையும் ஒளிக்கல்ல. மார்க்கப்படி பங்கு வையுங்க. இது அதுக்குள்ள வராது. வயர விடுங்க."

"காக்கா விளையாடினத்த நான் கண்ணால கண்டிருக்கன் மதினி. உம்மா, நீங்க சொல்லுங்க."

மாமி சொன்னால் அதோடு சரி. மகனை இழந்த உம்மாவோடு நான் எப்படி வாதாடுவது?

"அவன் விளையாடினதுதான்," என்றார் மாமி. "சாமான் அவள்ட. கலியாணம் பேச இந்த ஊட்டுக்கு நான் வந்த அண்டு டிவிக்கு மேல இருந்திச்சு. பொம்புளப் புள்ளக்கு இது என்னத்துக்கெண்டு அவள்ட உம்மாட்ட நானே கேட்ட."

"உம்மா..."

"எனக்கு அண்டைக்கும் புடிக்கல்ல, இண்டைக்கும் புடிக்கல்ல. அதுக்காக அவள்ட சாமான அவன்ட எண்டு சொல்லேலுமா? மௌத்தானவன்ட பேரில பொய் சொல்லப்படா. வை மகன் அத."

மேசையில் பெட்டி வைபடும் சத்தம். நிஜாம் தேத்தண்ணி குடிக்காமல் போய்விட்டான்.

வெளியே வந்தேன். மாமியின் கையைப் பிடிக்கப் போனேன். தஸ்பீஹை உருட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "வயரச் சரியாக் கொழுவு. அவன் எதையோ இழுத்துப் போட்டான்."

ஜூலை 12, சனி

மேகம். மழை இல்லை.

கொன்ட்ரோலரில் இடப்பக்கப் பொத்தான் வேலை செய்யவில்லை. வலப்பக்கம் மட்டும் போகலாம், திரும்ப முடியாது. திறந்தேன். உள்ளே ரப்பரின் கறுப்பு தேய்ந்திருக்கிறது. பென்சில் கரி பூசிப் பார்த்தேன். கொஞ்சம் பிடிக்கிறது.

லுஹருக்கு முன்னர் பின்தெருப் பெண்ணிடமிருந்து மாமிக்குப் போன். புருஷன் மௌத்தாகி ரெண்டு மாதம் ஆகல்ல, ஊட்டுக்குள்ள பாட்டுச் சத்தமாம். மாமி "ஓம், ஓம்" என்று கேட்டுவிட்டு வைத்தார். என்னிடம் வந்தார்.

"ஜன்னலச் சாத்திப்போட்டு விளையாடுகா."

"புழுங்குது மாமி."

சாத்தவில்லை.