பத்து முதல் நான்கு வரை பொம்மை

நாள் 611 — 07:25

ஆக்சிஜன் இயந்திரத்தின் வெளி வால்வு பனியில் உறைந்து மூடிக்கொண்டது. ஆதாரம்: நான்காம் அழுத்தமானி, 07:10 அளவீடு. வெளிக் கேமராப் படமும் அதையே காட்டுகிறது. தொட்டியில் இருப்பது முப்பத்தொரு மணி நேரத்துக்கான காற்று. நாளை 14:10 வரை.

இது பவளம் நிலையத்தின் பதிவேடு. நிலையம் சனியின் துணைக்கோள் ஒன்றின் பனித்தரையில் இருக்கிறது. மனிதர் ஒருவர்: நான், ஜெனோவா மோத்தா, வயது நாற்பத்தொன்று, பராமரிப்புப் பொறியாளர், ஊர் தூத்துக்குடி. பொம்மைகள் மூன்று. ஆள் உயரம், பீங்கான் முகம், எந்தக் குளிரிலும் மடங்கும் விரல்கள். வெளி வேலை முழுவதும் அவற்றுடையது. எனக்கான வெளி உடையின் கழுத்து வளையம் நாள் 502இல் விரிசல் விட்டது. மாற்று அடுத்த கப்பலில் வருகிறது. கப்பல், நாள் 824.

பொம்மைகளை இயக்குவது கணினி அல்ல. வேறு உலகங்களில் வேறு வாழ்க்கை வாழும் ஜெனோவாக்கள், பொம்மைக்கு ஒருத்தியாக. இணைப்புப் பெட்டி முதல் நாளில் என் மூளை வழியாக அவர்களைக் கண்டுபிடித்தது, அதன்பின் தானே அழைக்கிறது. அவர்கள் உறங்கும் நேரத்தில் அழைத்தால், விழித்ததும் கனவென்று மறந்துவிடுவார்கள். இது பணி ஒப்பந்தத்தில் படித்தது. வேறு ஆதாரம் என்னிடம் இல்லை.

நாள் 611 — 09:40

அன்றாட வேலைக்குப் பொம்மைகளின் கைகால் என் கட்டளைப்படி நகரும். உறைந்த வால்வைக் கழற்றுவது பட்டியலில் இல்லாத வேலை. உள்ளே இருப்பவள் தானே யோசித்துச் செய்ய வேண்டும். அதற்குச் சுயவிருப்ப நிலையையும் பேச்சு இணைப்பையும் திறக்கிறேன். 611 நாளில் இது முதல் முறை. திறந்தபின் கட்டளை நிலைக்குத் திரும்ப வழியில்லை (கையேடு, பக்கம் 88).

நாள் 611 — 10:15

10:00க்குத் திறந்தேன். மூன்றும் ஒரே நேரத்தில் பேசின. ஒலிப்பதிவிலிருந்து பிரித்து எழுதுகிறேன்.

பொம்மை ஒன்று: “ஏட்டி, நீதானா அது? இந்த மூஞ்சியா?”

பொம்மை இரண்டு: “என் மூஞ்சிதான். கொஞ்சம் ஊதிப்போய்க் கெடக்கு.”

பொம்மை மூன்று: “கண்ணாடிக்குள்ள உக்காந்து டீ குடிக்கா பாரு. நம்மள ஒரு வருஷமா வெளிய நிப்பாட்டிட்டு.”

நான்: “உங்களுக்கு இது கனவுன்னு நெனச்சேன்.”

பொம்மை மூன்று: “காலைல பத்து மணிக்கு எவட்டி கனவு காண்பா?”

நாள் 611 — 10:55

உறுதியானவை. நிலையக் கடிகாரம் ஊர் நேரத்தில் ஓடுகிறது. தொடக்கத்தில் அழைப்பு நேரம் இரவு பத்து முதல் காலை நான்கு வரை இருந்தது. நாள் 240இல் அதைக் காலை பத்து முதல் மாலை நான்கு வரை என்று மாற்றினேன். இரவு விழிப்பு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நேரத்தை மாற்றக் கூடாது என்று கையேடு சொல்கிறது. காரணம் எழுதப்படவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அதிலிருந்து 371 நாட்கள், மூன்று பெண்கள் தினமும் பத்து மணிக்கு, இருந்த இடத்தில் நினைவற்று விழுந்திருக்கிறார்கள். இங்கே வாயில்லாமல், தங்கள் கை தானாக நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். எதையும் மறக்கவில்லை.

இனி எழுதுவதற்கு அவர்கள் சொல் மட்டுமே ஆதாரம். பொம்மை ஒன்றுக்குள் இருப்பவள் பள்ளி வேன் ஓட்டியவள். நேரம் மாறிய முதல் நாள் பத்து மணிக்கு வேனில் பதினோரு பிள்ளைகள் இருந்தார்கள். எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று கேட்டேன். ஸ்பானரை எடுத்துக்கொண்டு வால்வுப் பக்கம் திரும்பினாள். இரண்டில் இருப்பவள் தையல்காரி. கடையை இப்போது நாத்தனார் நடத்துகிறாள். மூன்றில் இருப்பவள் ஆஸ்பத்திரி நர்ஸ். ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது விழுந்தாள், வேலை போய்விட்டது.

நர்ஸ்: “பத்துக்கு அஞ்சு நிமிசம் இருக்கும்போதே எங்கம்மா என்னக் கட்டில்ல சேலையால கட்டிப்போடுதா, விழுந்துராம இருக்க. தலை சீவி, பொட்டு வச்சு. பத்துலேர்ந்து நாலு வரைக்கும் அங்க நான்தான் பொம்ம.”

எங்கம்மா என்கிறாள். எனக்கும் அவள்தான் அம்மா. என் உலகத்தில் நாள் 133இல் இறந்துவிட்டாள். செய்தி எனக்கு வந்தது நாள் 134.

நாள் 611 — 11:58

11:52க்குப் பொம்மை ஒன்று விழுந்தது. கை தளர்ந்து ஸ்பானர் பனியில் உருண்டது, கேமராவில் தெரிகிறது. உயிர் விலகினால் பொம்மையின் விரல்கள் தாமாக விரியும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். இணைப்புப் பெட்டியின் அறிக்கை ஒரே வரி: மறுமுனையில் ஆள் இல்லை.

வேன் ஓட்டியவள் அங்கே எப்படி இறந்தாள் என்பது உறுதியாகவில்லை. உறுதியாகப் போவதுமில்லை.

நர்ஸ்: “கொன்னுட்டியேட்டி.”

தையல்காரி குனிந்தாள். ஸ்பானரை எடுத்தாள், எட்டிய மட்டும் தூர எறிந்தாள்.

நாள் 611 — 13:10

இருவரும் என் ஜன்னலுக்கு எதிரே பனியில் உட்கார்ந்திருக்கிறார்கள். கோரிக்கை ஒன்று: இணைப்பை அறு. பெட்டியில் பொம்மைக்கு ஒரு விசை உண்டு. இழுத்தால் அந்த உலகத்தோடு தொடர்பு நிரந்தரமாக முடிந்துவிடும். பொம்மை வெறும் பீங்கானாகிவிடும். பிறகு வால்வைத் திறக்க எனக்கு ஆள் இல்லை.

நான்: “வால்வ முடிங்க. அடுத்த நிமிசம் விசைய இழுக்கேன்.”

தையல்காரி: “இழுக்க மாட்ட.”

நான்: “சத்தியமா.”

நர்ஸ்: “ஒன் எடத்துல நான் இருந்தா நானும் சத்தியம் பண்ணுவேன், இழுக்கவும் மாட்டேன். வேற எவளையாவது ஏமாத்துட்டி. எங்ககிட்ட ஆகாது.”

என்னிடமும் ஓர் ஆயுதம் இருந்தது. பயன்படுத்தினேன். நான் செத்தாலும் பெட்டி ஓயாது. கப்பல் வரும்வரை தினமும் பத்து மணிக்கு உங்களை அழைத்துக்கொண்டே இருக்கும், இன்னும் 213 நாள் என்றேன்.

நர்ஸ்: “இத எப்ப சொல்லுவன்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன்.”

நாள் 611 — 17:30

16:00க்கு அழைப்பு தானாக முடிந்தது. இரண்டு பொம்மைகளும் உட்கார்ந்தபடியே, முகம் ஜன்னலைப் பார்த்தபடி அசைவற்றுப்போயின. திரை போட்டேன். மறுபடி விலக்கினேன்.

இருப்பு இருபது மணி நாற்பது நிமிடம்.

மூன்று பேருக்கும் எனக்கும் பிரிவு எங்கே என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த வருடம் நர்சிங் விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தேன், அது தெரியும். அதை நிரப்பியவள் வெளியே உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு அவள் மேல் இரக்கம் வர வேண்டும். கோபம்தான் வருகிறது. மாலை நான்கு மணிக்கு அவள் எழுந்து அம்மா கையால் காபி குடித்திருப்பாள்.

நாள் 612 — 10:08

அழைப்பு 10:00. நர்ஸ் ஓர் ஒப்பந்தம் சொன்னாள். தையல்காரியை இப்போதே விடுவிக்க வேண்டும். விடுவித்தால் நர்ஸ் தனியாக வால்வைக் கழற்றிப் பூட்டுவாள். முடிந்ததும் அவளையும் விட வேண்டும்.

தையல்காரி: “இவ சொல்ல நம்பாத. இவ மூணு பேர்லயும் மோசமானவ.”

நர்ஸ்: “நாலு பேர்லட்டி. கணக்கு ஒழுங்கா வைய்யி.”

இருவரும் சிரித்தார்கள். பொம்மைகள் சிரித்து நான் கேட்டது முதல் முறை. நானும் அப்படித்தான் சிரிப்பேன், கடைசியில் மூக்கால் மூச்சு இழுத்து.

நாள் 612 — 10:33

10:31க்கு இரண்டாம் விசையை இழுத்தேன். தையல்காரியின் கடைசிச் சொல் பதிவில் உள்ளது: “மணி பத்தரையாச்சு. நான் போய் ஜாக்கெட் வெட்டுதேன். ஒனக்கு நல்ல சாவு வராதுட்டி.”

பொம்மை இரண்டு பக்கவாட்டில் சாய்ந்தது. பெட்டி அறிக்கை: இணைப்பு இல்லை.

நாள் 612 — 12:50

வேலை நடக்கிறது. தையல்காரி எறிந்த ஸ்பானரை நர்ஸ் தேடி எடுத்து வந்தாள். பனியை உடைத்தாயிற்று, நான்கு போல்ட்டில் மூன்று கழன்றுவிட்டன. கேமரா அவள் முதுகை மட்டும் காட்டுகிறது, வால்வு மறைந்திருக்கிறது. நகரச் சொன்னேன். “எட்டிப் பாக்காம இரு, கை நடுங்கும்” என்றாள். எனக்கும் யாராவது பார்த்தால் கை நடுங்கும்.

இருப்பு ஒன்றேகால் மணிக்குச் சற்றுக் கூட. தலைவலி தொடங்கிவிட்டது.

நாள் 612 — 13:30

நர்ஸ்: “முடிஞ்சு. இழு.”

அழுத்தமானி அசையவில்லை. குழாய் நீளம் அதிகம், வால்வு திறந்தால் உள்ளே தெரிய நான்கு நிமிடம் ஆகும். நான்கு நிமிடம் காத்திருந்தேன். ஆறு. அசையவில்லை.

யோசித்ததை மறைக்காமல் எழுதுகிறேன். கப்பலுக்கு இன்னும் 212 நாள். வால்வு மறுபடி உறையும். போன குளிர் சுற்றில், என் வெளி உடை கெடாமல் நானே போய்ச் சரிசெய்ய முடிந்தபோது, மூன்று முறை உறைந்தது, வேறு வேறு இடத்தில். ஒரு பொம்மையாவது வேண்டும்.

நாள் 612 — 13:44

அவளிடம் சொன்னேன். அழைப்பை உறங்கும் நேரத்துக்கே மாற்றிவிடுகிறேன். இரவு பத்து முதல் நான்கு வரை. பகல் முழுக்க உன்னுடையது, வேலைக்குக்கூடப் போகலாம். கப்பல் வரும்வரை மட்டும்.

நர்ஸ்: “எத்தன நாளு?”

நான்: “இருநூத்திப் பன்னெண்டு.”

நர்ஸ்: “ஏட்டி, நீ இதத்தான் சொல்லுவன்னு நேத்து காபி குடிக்கும்போதே அம்மாட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். அவ நம்பல. ஏம்மவ அப்பிடிச் செய்ய மாட்டான்னா.”

நாள் 612 — 13:52

அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்.

“வால்வு இப்ப ஏங் கையில இருக்கு. ஸ்பிரிங்க இழுத்து, ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு நிக்கேன். நீ விசைய இழுத்தா நான் போயிருவேன், கை தானா விரியும். விரிஞ்சா ஒண்ணு வால்வு தெறந்து காத்து வரும். இல்லன்னா ஸ்பிரிங் தெறிச்சுக் குழாயப் பிச்சிட்டுப் போயிரும். ரெண்டுல எதக் கட்டிருக்கேன்னு எனக்குத்தான் தெரியும்.”

நான்: “எத?”

நர்ஸ்: “நீதானட்டி நான். யோசி.”

கேமராவைத் திருப்பினேன். முதுகுதான். வால்வின் பக்கம் ஜன்னல் இல்லை.

நாள் 612 — 13:59

தலைவலி மோசம். எழுத்து சரியாக இல்லாவிட்டால் மன்னிக்கவும்.

கேட்டேன். அம்மா பேரில் சத்தியம் செய்து சொல் என்றேன். “எந்த அம்மா” என்றாள்.

இழுக்காவிட்டால் 14:10. அதன்பிறகும் பெட்டி அவளைத் தினம் பத்து மணிக்கு இங்கே இழுத்துவரும். செத்த என் ஜன்னலுக்கு எதிரே ஆறு மணி நேரம் நிற்பாள். அது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் நிற்கிறாள். எனவே அவளுக்கு நான் இழுப்பது வேண்டும். இழுத்தபின் நான் பிழைப்பது வேண்டுமா என்பது வேறு கேள்வி.

அவள் இடத்தில் நான். 371 நாள் கட்டிலில். வேலை போய். வேன்காரி விழுந்ததைப் பார்த்து. கடைசியில் கொடுத்த வாக்கும் காப்பாற்றப்படாமல். நான் என்ன கட்டியிருப்பேன்.

தெரியும்.

இல்லை. அவள் நர்ஸ். இருபது வருடம் பிறருக்கு மூச்சு கொடுத்தவள். அங்கே நான் இல்லை. அந்த இருபது வருடம் என்னிடம் இல்லை. அதனால் தெரியாது.

நாள் 612 — 14:03

14:02க்கு மூன்றாம் விசையை இழுத்தேன். பொம்மை மூன்று முன்பக்கம் கவிழ்ந்தது. பெட்டி அறிக்கை: இணைப்பு இல்லை. கடைசியாக அவள் மூக்கால் மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும் பதிவில் இருக்கிறது.

குழாயில் அதிர்வு கேட்டது. திறந்த சத்தமா, பிய்ந்த சத்தமா என்று பிரித்தறிய முடியவில்லை.

நிலுவையில் இருப்பது நான்காம் அழுத்தமானியின் அளவீடு. எதிர்பார்க்கப்படும் நேரம் 14:06.