கொப்புளம் உடைந்த காலை

மார்ச் 4, செவ்வாய்

மூத்த பேரன் பாலம் கட்டுகிற என்ஜினீயர். அவன் தம்பி பேங்கில் ஆபீசர், மணி அடித்தால் ஆள் ஓடி வரும். மகள் வயிற்றுப் பேத்தி நீச்சலில் தங்கம் வாங்கினவள். அவள் அண்ணன் பல் டாக்டர், ஊசி போட்டதே தெரியாதாம். இதையெல்லாம் போனில் நாத்தனாரிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். "கடைக்குட்டி நர்ஸ் படிப்பு முடிச்சாச்சா அண்ணி?" என்று கேட்டாள் பாவி. "அடுப்புல வேலை இருக்கு" என்று பேச்சை மாற்றினேன். கை சும்மா இருக்குமா? கொதிக்கிற பாத்திரத்து மூடியைத் திறந்தது. ஆவி சுரீரென்று மணிக்கட்டில் அடித்தது.

கடைக்குட்டி ஓடி வந்தாள். நான் பற்பசையைப் பிதுக்கப் போனேன், பிடுங்கிக்கொண்டாள். "அது பல்லுக்கு பாட்டி!" வீங்குவதற்குள் வளையலைக் கழற்றி, கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்தாள். நின்று நின்று என் கால் கடுத்தும் விடவில்லை. "ஐஸ் வைடி" என்றேன். அதுவும் கூடாதாம்.

இவ்வளவு தெரிந்தவள்தான், வார்டில் முதல் புண்ணைப் பார்த்ததும் மயங்கி விழுந்து, படிப்பே வேண்டாமென்று என் வீட்டுக்கு வந்து சுருண்டு படுத்திருக்கிறாள். இருபதாம் தேதிக்குள் திரும்பாவிட்டால் காலேஜில் பேரை அடித்துவிடுவார்களாம்.

மார்ச் 5, புதன்

திராட்சை அளவுக்குக் கொப்புளம். ஊசியைத் தேடினேன், பிடிபட்டேன். "குத்தினா கிருமி உள்ள போகும். அந்தத் தோல்தான் உங்களுக்குக் காவல்." சுத்தமான துணியைத் தளர்வாகச் சுற்றினாள் — முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு.

"கட்டுப் போடுறியா, பஸ் வருதான்னு பாக்குறியா?"

சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாச்சு!

மார்ச் 6

அரிக்கிறது. வைராக்கியமாக இருக்கிறேன்.

மார்ச் 8, சனி

காலையில் தலையணை ஈரம். தூக்கத்தில் உடைந்திருக்கிறது. அடியில் சிவந்த பச்சைப் புண். ஐயோ, இவ பாத்துட்டா? முந்தானைக்குள் ஒளித்தேன். கண்டுபிடித்துவிட்டாள். முகம் வெளுத்தது, அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மயங்கி விழுந்துட்டா என்னால இவள தூக்க முடியுமா?

"வேணாம்டி, நான் டாக்டர்கிட்ட போய்க்கிறேன்."

"இருங்க பாட்டி. நிக்கத்தான் முடியல. உக்காந்தே பண்றேன், கையைக் காட்டுங்க."

முழங்கால் கத்தக் கத்த நானும் தரையில் உட்கார்ந்தேன். சோப்புத் தண்ணீரில் மெல்லக் கழுவினாள். தொங்கின தோலைப் பிய்க்கவில்லை, அதன் மேலேயே களிம்பு தடவி, புண்ணில் ஒட்டாத துணி வைத்துக் கட்டினாள். இந்தத் தடவை கண்ணை எடுக்கவில்லை. "சீழ் வச்சாலோ, காய்ச்சல் வந்தாலோ டாக்டர்கிட்ட போறோம். அடம் பிடிக்கக் கூடாது." அதட்டல் வேறு! எனக்குத்தான் கண் நிறைந்தது.

மார்ச் 13, வியாழன்

சீழ் இல்லை, சிவப்புப் பரவவில்லை. ஓரத்தில் புதுத் தோல். அவள்தான் முதலில் பார்த்தாள். கட்டை மாற்றிக்கொண்டே, "தலை சுத்தினா உக்காந்துக்கலாம்னு அங்க எனக்குத் தோணவே இல்லையே பாட்டி" என்றாள்.

நான் வாயைத் திறந்தால் காரியம் கெடும். அவள் பெட்டியை மட்டும் பரணிலிருந்து இறக்கச் சொல்லி, தூசி தட்டிக் கூடத்தில் வைத்தேன்.

மார்ச் 17, திங்கள்

பெட்டி அவள் அறைக்குப் போயிருக்கிறது.

மார்ச் 30, ஞாயிறு

போன் வந்தது. "பாட்டி, இன்னைக்கு வார்டுல ஒரு தாத்தாவுக்குக் கட்டு மாத்தினேன். ஸ்டூல் போட்டு உக்காந்துதான். அவரு, 'பரவால்லம்மா, நானும் எங்கயும் ஓடப் போறதில்ல'ன்னாரு!"

"வெள்ளை உடுப்புல புதுசா ஒரு போட்டோ எடுத்துத் தபால்ல அனுப்புடி. போன்ல வேணாம், கையில பிடிச்சுப் பாக்கணும். அந்த ஸ்டூலும் தெரியணும்."